மூன்றாவது கொக்கி

பிளக்கைப் பிடுங்கினோமா என்று தணிகாசலம் மூன்றாவது தடவையாகக் குனிந்து பார்த்தார். பிடுங்கித்தான் இருந்தது. சிங்க்குக்கு அடியில் அலமாரிக் கதவு திறந்திருக்க, தரையில் மூன்று முள்ளும் மேலே பார்த்தபடி பிளக் சும்மா கிடந்தது. அவரே பிடுங்கி, கண்ணில் படுகிற மாதிரி அவரே வைத்ததுதான். பதினேழு வருஷமாக அதுதான் வழக்கம். சுவிட்சை அணைத்தால் போதாது, யாராவது லைட் என்று நினைத்துத் தட்டிவிடுவார்கள், பிளக் கண் முன்னால் இருக்க வேண்டும், அப்புறம்தான் கையை உள்ளே விட வேண்டும். விட்டார். சிங்க்கின் ஓட்டை வழியாக, அடியில் தொங்குகிற கழிவு அரைக்கிற மெஷினுக்குள் மணிக்கட்டு வரை கை இறங்கியது. உள்ளே கத்தி எதுவும் கிடையாது, எல்லாரும் கத்தி இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள், ஒரு வட்டத் தட்டு, அதன் மேல் ஆடுகிற இரண்டு இரும்புத் துண்டு, அவ்வளவுதான், அது சுற்றுகிற வேகத்தில் மீந்த சோறும் காய்த்தோலும் கூழாகித் தண்ணீரோடு போய்விடும். இப்போது அந்தத் தட்டில் வாழை நார் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பிளக். பார்த்தாச்சே, இப்போதுதானே பார்த்தாச்சு. மோட்டாரே கருகிப் போயிருக்கிறது, பிளக்கைச் சொருகினாலும் சுற்றாது, சமையலறை முழுக்கக் கருகின வாசனை அடிக்கிறது, அப்படியிருந்தும் மனசு கேட்கிறதா பார். பயத்துக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும். விரல்களை வளைத்து இழுத்தார். கையை வெளியே எடுத்துப் பார்த்தார். விரலிடுக்கில் ஒரு முழ நார் தொங்கியது. கண்ணால் பார்த்த பிறகுதான் அதைப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது.

“இதுல போடுங்கோ,” என்று ராமசேஷன் ஒரு எவர்சில்வர் தூக்கை நீட்டினார். அவர்தான் வீட்டுக்காரர். தணிகாசலத்தைவிட ஐந்தாறு வயசு கூட இருக்கும், ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. வேட்டியும் மேல்துண்டுமாக, வாரப்படாத தலையோடு, இவர் வந்ததிலிருந்து பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நாவலூரில் பதினாலாவது மாடி. ஜன்னலுக்கு வெளியே இதே மாதிரி இன்னும் நாலு கட்டடம், காலைப் பத்து மணி வெயில் எல்லாவற்றின் மேலும் அடித்துக்கொண்டிருந்தது. லிஃப்டில் ஏறும்போதே தணிகாசலத்துக்குக் களைப்பாக இருந்தது. இந்த நாளின் முதல் வீடு இது, இனிமேல் மூன்று இருக்கிறது, இப்போதே இப்படி. “குப்பைல போடப்படாது,” என்றார் ராமசேஷன், கேட்காமலேயே. “நேத்திக்கு என் ஆத்துக்காரிக்கு வருஷாப்திகம், அவ போய் ஒரு வருஷம். பிள்ளை இல்லை, நான்தான் பண்ணினேன். பிராமணா சாப்பிட்ட இலை மூணு. அதைக் குழி தோண்டிப் புதைக்கணும், நாய் கீய் வாய் வெச்சுடப்படாது. பதினாலாவது மாடில எங்கே போய்க் குழி தோண்டறது? கீழே தோட்டத்துல தோண்டப் போனேன், செக்யூரிட்டி வந்து நின்னுட்டான். அசோசியேஷன்ல எழுதிக் குடுக்கணுமாம். சரி, மெஷின் இருக்கே, அரைச்சுத் தண்ணியோட அனுப்பிடுமே, யார் கால்லயும் படாதேன்னு...” தணிகாசலம் தூக்கைப் பார்த்தார். “முழு இலையாவா சார் போட்டீங்க?” “கத்திரிக்கோலால வெட்டித்தான் போட்டேன்.” “நடு நரம்பு?” “அதையும்தான்.” “சத்தம் நின்னுபோனதும் அடியில இருக்கற செவப்பு பட்டன அமுக்கினீங்களா?” “அமுக்கினேன்.” “எத்தினி தபா?” ராமசேஷன் கொஞ்சம் யோசித்து, பொய் சொல்ல மனசு வராமல், “நிறைய,” என்றார்.

முருங்கைக்காய்ச் சக்கையைப் போட்டவர்கள் உண்டு, புளிச்சக்கையைப் போட்டவர்கள் உண்டு, பொங்கலன்று கரும்புச் சக்கையைப் போட்டுவிட்டு மெஷின் கம்பெனியைத் திட்டினவர்கள் உண்டு. திதி இலையைப் போட்டவரை இப்போதுதான் பார்க்கிறார். ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி குமுதாவிடம் சொல்லியிருப்பார், இன்னிக்கு ஒரு கதை கேளு என்று தொடங்கி அந்த ஐயர் மாதிரியே பேசிக்காட்டி, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள். இப்போதெல்லாம் வீட்டுக்குப் போனால் கையைக் கழுவிவிட்டு டீவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். பேச ஆரம்பித்தால் எதையாவது எடுத்துக் கையில் கொடுப்பாள். கையில் கொடுத்தால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்காவிட்டால் நழுவிவிடும். டீ டம்ளரில்தான் ஆரம்பித்தது. அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றின டீயை டம்ளரோடு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், குமுதா பார்த்துவிட்டு, “இன்னா, சுடலயா உனுக்கு?” என்றாள். “இதெல்லாம் ஒரு சூடா,” என்றார். அவள் அதை அக்காவிடம் போய்ப் பெருமையாகச் சொன்னாள், எங்க வீட்டுக்காரரு கையி இரும்பு கையி என்று. அப்புறம் சட்டைப் பட்டன். பட்டன் துளைக்குள் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம். கம்பெனியில் டீ-ஷர்ட்தான் போடச் சொல்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லி அதைத் தாண்டினார். பாக்கெட்டில் கையை விட்டால் வண்டிச் சாவி எது, வீட்டுச் சாவி எது, எதுவும் தெரியவில்லை, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். விரல் என்னமோ விரலாகத்தான் இருக்கிறது. மடங்குகிறது, நீள்கிறது, பிடிக்கிறது. சொல்கிற வேலையையெல்லாம் செய்கிறது. ஆனால் திரும்பிவந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. பதினோரு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரையை வாங்குகிற கடைக்காரனிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. பெயர் தெரியாத வரைக்கும் அது வியாதி இல்லை, கொஞ்ச நாள் மரத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான், குளிருக்கு, தண்ணீரிலேயே கிடக்கிறதுக்கு, வயசுக்கு. தானாக வரும். காலையில் எழுந்ததும் கட்டைவிரலில் மட்டும் லேசாக ஏதோ இருக்கிற மாதிரி இருக்கிறது. இருக்கிறது.

“ஒண்ணும் பாக்கி இல்லையே?” என்றார் ராமசேஷன். இது இரண்டாவது முறை. தூக்கின் பாதிக்குமேல் நாரும் கிழிசலும் பச்சையும் பழுப்புமாக நிறைந்திருந்தது. பழைய மெஷினைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அங்கிருந்து அது பழைய இரும்புக்குப் போகும், அதோடு ஒரு துணுக்குகூடப் போய்விடக்கூடாது, தூக்கை அவர் சாயங்காலம் கோவளம் கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிடப் போகிறார். அதை அவர் சொன்ன விதத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது. தணிகாசலம் மறுபடி கையை விட்டார். முன்பெல்லாம் இந்த வேலைக்குக் கண் எதற்கு? கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு முதல் நாள் மோதிரம் உள்ளே விழுந்துவிட்டது, கரண்டும் இல்லை, இருட்டில் இரண்டு விரலை விட்டுத் தட்டுக்கு அடியில் தடவி, இது பாதாம் தோல், இது எலும்பு, இது மோதிரம் என்று எடுத்துக் கொடுத்தார், அந்த அம்மா பாயசத்தைக் கொண்டுவந்து வாயில் ஊற்றாத குறை. கம்பெனியில் புதிதாக வருகிறவர்களிடம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். இப்போது சிங்க்குக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தட்டின் மேல்பக்கம் தெரிகிறது, சுத்தம். அடிப்பக்கம் தெரியாது. அடிப்பக்கத்தைத் தடவினார். தடவுகிறோம் என்பது தோள் அசைவதில் தெரிந்தது. பிளக். கால் பக்கத்தில்தான் இருக்கிறது. “இல்ல சார், பாக்கி எதுவும் இல்ல,” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் அதை நம்பித் தூக்கை மூடிவைத்தார். தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. “எதுக்கும் கீழ எறக்கிட்டு வெளிச்சத்துல ஒருவாட்டி பாத்துடலாம் சார்,” என்றார்.

மல்லாந்து படுத்து அலமாரிக்குள் தலையையும் தோளையும் நுழைத்தார். மெஷின் மூஞ்சிக்கு நேரே தொங்கியது. குழாயைக் கழற்றி, வளையத்தைத் திருப்பி, ஆறு கிலோவையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். எழுந்திருக்கத் தோன்றவில்லை. நெஞ்சின் மேல் கனம் நன்றாகத் தெரிந்தது, நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, தோளுக்கும் ஆகவில்லை. துரைப்பாக்கத்தில் அன்றைக்கும் இப்படித்தான் படுத்துக்கிடந்தார். பதினைந்து நாள் ஆகிறது. வளையத்தில் மூன்று கொக்கி. மெஷினைத் தூக்கிப் பிடித்து வளையத்தைத் திருப்பினால் மூன்றும் ஏறி மேலே உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும், முன்னால் இருக்கிற இரண்டும் கண்ணுக்குத் தெரியும், பின்னால் சுவர்ப்பக்கம் இருக்கிற மூன்றாவதை விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும், உட்கார்ந்திருந்தால் மேடு தட்டாது, உட்காராவிட்டால் நகம் ஆழத்துக்கு ஒரு மேடு தட்டும். தொட்டுப் பார்த்தார். தட்டவில்லை. எப்படித் தட்டும், எதுதான் தட்டுகிறது அவருக்கு? நான்காம் நாள் பாத்திரம் தேய்க்கிற அம்மா நின்றுகொண்டிருக்கும்போது மெஷின் அப்படியே கழன்று விழுந்தது. கால் பாதத்திலிருந்து நாலு விரல் தள்ளி. நாலு விரல் என்று சூப்பர்வைசர் ஹரிஹரசுதன் தன் கையை வைத்துக் காட்டினார். “பதினேழு வருஷ சர்வீஸ், நீங்களா இப்டிப் பண்றீங்க? இன்னொண்ணு இந்த மாதிரி வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது தணிகாசலம், வேலை கிடையாது.” அவர் மரியாதையாகத்தான் சொன்னார். வேறு என்ன வேலை தெரியும்? தெரிந்த வேலை எல்லாமே கைவேலைதான். அந்த அம்மாவுடைய காலை அவர் பார்த்ததில்லை. ஆனால் தூங்கப் போகும்போது அது வந்துவிடுகிறது, ஈரத்தரையில் நிற்கிற ஒரு வெறுங்கால், நரம்பு புடைத்து, மெட்டி தேய்ந்து.

பழைய மெஷினை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்துப் பார்த்தபோது தட்டுக்கு அடியில் ஒரு கத்தை நார் இருந்தது. அவர் விரல் அதன் மேல் எத்தனை தரம் போய்வந்ததோ. ராமசேஷன் மறுபடி தூக்கின் மூடியைத் திறந்தார், அவ்வளவுதான். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பது தணிகாசலத்தைத் தொந்தரவு செய்தது. திட்டியிருந்தால் தேவலை. புதிய மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, மறுபடி படுத்து, முழங்கையால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, வளையத்தைத் திருப்பினார். ஒன்று உட்கார்ந்தது, பார்த்தார். இரண்டு உட்கார்ந்தது, பார்த்தார். மூன்றாவதுக்குச் சின்னக் கண்ணாடியை எடுத்தார். துரைப்பாக்கத்துக்குப் பிறகு கர்ச்சீப்பில் சுற்றி வைத்துக்கொண்டிருக்கிற முகச்சவரக் கண்ணாடி, கூட வேலை செய்கிற யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த வீட்டில் சுவரை ஒட்டித் தண்ணீர் சுத்தம் செய்கிற டப்பாவின் குழாய்கள் மூன்று போகின்றன, கண்ணாடி அதற்குள் நுழையவில்லை. செல்போனும் நுழையவில்லை. விரல் மட்டும்தான் நுழையும். நுழைத்தார். கண்ணை மூடிக்கொண்டார், கண்ணை மூடினால் வருமோ என்று. எங்கே இருக்கிறது விரல்? மேலேயா, பக்கத்திலா, கொக்கியைத் தொட்டுக்கொண்டா, காற்றிலா? மணிக்கட்டு குழாயில் உரசுகிறது, அது தெரிகிறது, அதற்கு அந்தப்பக்கம் ஒன்றுமில்லை, கை அங்கேயே முடிந்துவிட்டது. அமுக்கினார். எதையோ அமுக்கியிருப்பார். சரியாகத்தான் இருக்கும், இரண்டு உட்கார்ந்தால் மூன்றாவதும் உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் அப்படித்தான், துரைப்பாக்கம் ஒன்றுதானே அப்படி ஆயிற்று. எழுந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். இந்த வீட்டில் பாத்திரம் தேய்க்க யாரும் வருகிறார்களா? வாசலில் யார் செருப்பும் இல்லையே. இவர் ஒருத்தர்தான், இவரே தேய்த்துக்கொள்கிறார், இவர் காலில்தான் விழும். விழாது. விழுந்தால்? எழுந்திரு, எழுந்திருந்து போ. குமுதாவிடம் என்ன சொல்வது? இன்றைக்குச் சொல்ல வேண்டாம், நாளைக்கும் வேண்டாம். சரியாகத்தான் இருக்கும். பிளக் எங்கே? பிளக் எதற்கு இப்போது, புது மெஷின், பிளக் வயரை இன்னும் மாட்டவே இல்லை, அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. யோசனைகூட ஓடமாட்டேன் என்கிறது, ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கிறது. அவருக்கு அழ வேண்டும்போல இருந்தது, அதற்கும் தெம்பில்லை. பதினேழு வருஷத்தில் சிங்க்குக்கு அடியிலிருந்து வீட்டுக்காரரை அவர் கூப்பிட்டதே இல்லை. இப்போது கூப்பிட்டார்.

“சார், ஒரு ஒதவி. கீழ வந்து ஒருவாட்டி கை வெச்சுப் பாக்கறீங்களா?” ராமசேஷன் ஏன் என்று கேட்கவில்லை. மேல்துண்டை எடுத்து மேடையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், அப்புறம் படுத்தார், தணிகாசலத்தின் தோளுக்குப் பக்கத்தில் அவர் தோள் வந்தது, இரண்டு தலையும் ஒரே அலமாரிக்குள். அவரிடம் விபூதி வாசனை அடித்தது. “பின்னாடி, குழாய்ங்களுக்கு நடுவுல வுடுங்க. ஒரு வளையம் கெடைக்கும். அதோட வெளிம்புல எதுனா மேடா தட்டுதா?” ராமசேஷனின் முழங்கை தணிகாசலத்தின் முகத்தின் மேல் வந்தது. “இருக்கு,” என்றார். “மேடு இருக்கு. நகம் தட்டறது.” அப்படியென்றால் உட்காரவில்லை. நாலு நாளிலோ, ஐந்து நாளிலோ விழுந்திருக்கும். வளையத்தை இன்னும் ஒரு சுற்று பலமாகத் திருப்பினார். “இப்ப?” “இப்போ சமமா இருக்கு. உள்ளே போயிடுத்து.” இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. சிங்க்கின் ஓட்டை வழியாக மேலேயிருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தது. “உங்களுக்குத் தெரியலையா?” என்றார் ராமசேஷன். “எனுக்கு வெரல்ல உணர்ச்சி இல்ல சார்,” என்றார் தணிகாசலம். சொல்லியாயிற்று. வெளியே வந்தபோது அது ரொம்பச் சின்ன வாக்கியமாக இருந்தது, இதற்காகவா எட்டு மாதம்? “யாராண்டயும் சொல்லல. வீட்லயும் தெரியாது.” “சர்க்கரையா?” “ஆமா சார்.” “என் ஆத்துக்காரி வசுமதிக்குக் கால்ல ஆரம்பிச்சது,” என்றார் ராமசேஷன். “காலண்டர் ஆணி ஒண்ணு குத்தி ரெண்டு நாள் அதோடயே நடந்துண்டிருந்தா. ரத்தத்தைத் தரைல நான்தான் பார்த்தேன். அதுலேர்ந்து எண்ணி ஒன்பது மாசம்தான் இருந்தா.”

அவர்தான் முதலில் எழுந்தார். தணிகாசலத்துக்குக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அடுப்படித் தரையிலேயே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். “கையை நீட்டுங்கோ. வலது கை,” என்றார் ராமசேஷன். “டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பார்ப்பேன். எது போயிருக்கு, எது பாக்கின்னு தெரிஞ்சுண்டு போனேள்னா டாக்டர்கிட்டச் சொல்லச் சௌகரியமா இருக்கும். கண்ணை மூடிக்கோங்கோ. தொடறது தெரிஞ்சா சொல்லணும், அவ்வளவுதான்.” வேண்டாம் என்று சொல்லத்தான் தணிகாசலம் வாயெடுத்தார். ஆனால் கட்டைவிரல் இருக்கிறது. அதைச் சொல்லலாம், நாலு போனாலும் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எவ்வளவோ செய்யலாம், கம்பெனியில்கூடச் சொல்லிப் பார்க்கலாம். கண்ணை மூடினார். எங்கேயோ கீழ்மாடியில் குக்கர் சத்தம் போட்டது. “இப்போ?” என்று குரல் வந்தது. “இல்ல சார்.” சுண்டுவிரலாக இருக்கும். “இப்போ?” “இல்ல.” “இது?” “இல்ல சார்.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்போ?” இன்னும் ஒரு தடவை இல்லை என்றார், நாலு ஆயிற்று. இனிமேல் கட்டைவிரல். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், உடம்பு முழுவதையும் கொண்டுபோய் அந்த ஒரு விரலில் வைத்துக்கொண்டு, காலையில் அதில் இருக்குமே அது, லேசாக, நுனியில், வா என்றார். வந்தது. ஒரு சின்ன அழுத்தம், கொஞ்சம் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.

“தெரியுது சார்,” என்றார். “கட்டவெரல்ல. நல்லாவே தெரியுது.”

“அதை நான் இன்னும் தொடலையே,” என்றார் ராமசேஷன்.